கண்ணாடி உடம்பில் ஒரு கிழங்கு

தாலியைக் கழற்றாமல் ஸ்கேன் மேசையில் ஏற முடியாது என்றாள் நதியா. கழற்ற முடியாது என்றாள் அவள் அம்மா பிச்சையம்மாள். அந்தத் தாலியைக் கட்டிய ஆள் குமுளியில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தான்.

“அவுக உசுரோடதான இருக்காக. வெறுங்கழுத்தா எப்புடித்தா படுக்குறது?”

“அவுகளாம், அவுக. நீ ரத்தமா துப்புறயே, வந்து பாத்தாகளா ஒங்க அவுக?”

கடைசியில் தாலி மகளின் கைக்கு வந்தது. தாலியைக் கழற்றினால் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கோத்துக் கட்டிக்கொள்ளும் வழக்கம் ஒன்று உண்டே, அதையாவது செய்கிறேன் என்றாள் அம்மா. ஒரு மண்ணும் வேண்டாம் என்று கதவைச் சாத்திவிட்டு வந்தாள் நதியா.

கூடலூரிலிருந்து விடியுமுன் ஜீப்பில் அடைத்துக்கொண்டு கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போகிற உடம்பு அது. மருந்தடித்த செடிக்குள் குனிந்து காயெடுத்தது போக, காய் உலர்த்தும் அறையின் புகையிலும் நின்று வெந்தது. இருமலுக்கு ஊர் டாக்டர் டானிக்காகவே எழுதித் தந்தார், படம் எடுக்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அந்தத் தோட்டக் கூலியில்தான் நதியா ஸ்கேன் படிப்பு படித்தாள். தெருவிலேயே முதல் டிகிரி. தேனியில் இந்த ஸ்கேன் சென்டரிலேயே வேலை. எதைப் படித்தோமோ அதை அம்மாவின் நெஞ்சிலேயே படிக்க வேண்டியிருக்கும் என்று கல்லூரியில் எவனும் சொல்லித் தரவில்லை.

உடம்பைக் குறுக்கே அரிந்தாற்போல் எடுத்த ஸ்லைஸ் படங்கள் திரையில் ஓடியபோது, வலது பக்கம் மேலே ஏதோ வெள்ளையாக வந்து மறைந்தது. மறுபடி உருட்டிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். அவள் உருட்டவில்லை. எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கி முப்பரிமாண உருவமாக்கினாள். அம்மாவின் மார்பும் தோளும் களிமண் பொம்மைபோல் எழுந்து வந்தன. வலது காறையெலும்புக்குக் கீழே, தோலின் மேல் ஒரு சிறிய முண்டு.

கிழங்கு. சொல்லச் சொல்லக் கேட்காமல் கவுனுக்குள் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள்.

வாழ்க்கையில் முதல்முறையாக அம்மாவின் பிடிவாதத்தைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது நதியாவுக்கு. வெள்ளையாக வந்தது இதுதான், இதுவாகவே இருக்கட்டும். தோலின் அடர்த்தியைக் குறைத்தாள். தோல் கண்ணாடியானது, விலாவெலும்புகள் புகையாக மங்கின. முண்டு அங்கேயே இருந்தது. ஒன்றுதான். ஒன்றே ஒன்றுதான்.

மவுஸைப் பிடித்து உருவத்தைப் பக்கவாட்டில் திருப்பினாள்.

ஒன்று இரண்டாகப் பிரிந்தது. வழுவழுப்பாக ஒன்று, உடம்புக்கு வெளியே, கயிற்றின் அருகில். மற்றது விலாவுக்குப் பின்னால், நுரையீரலுக்குள், நாலா பக்கமும் வேர்விட்டு உட்கார்ந்திருந்தது. இதுவரை வெளிக்கிழங்கின் மறைவில் நின்றிருந்தது. எந்தப் பக்கம் திருப்பினாலும் இரண்டு. மேலிருந்து பார்த்தாலும், முதுகுப்புறமிருந்து பார்த்தாலும் இரண்டு. நதியா பற்களைக் கடித்துக்கொண்டு திருப்பிக்கொண்டேயிருந்தாள், ஏதோ ஒரு கோணத்தில் மனசு மாறிவிடுகிற ஆளைச் சுற்றிவருவதுபோல.

கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் சட்டென்று முன்பக்கத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். இரண்டும் ஒன்றாயின.

பிச்சையம்மாள் கவுனைச் சுருட்டிப் பிடித்தபடி திரைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“இதா நானு? எலும்புக்கூட்டுக்குச் சட்ட போட்டாப்ல இருக்கு.” சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது. பிறகு விரலை நீட்டி, “அந்தா அது என்னத்தா?”

“நீ கட்டுன கெழங்கு.”

“திட்டுவியேன்னு உள்ளுக்குள்ள கட்டுனேன். வேற ஒண்ணும் இல்லேல்ல?”

நதியா மவுஸிலிருந்து கையை எடுக்கவில்லை.

“வெளிய ஒரு டீச்சரம்மா சொன்னாக, இந்த மிசின்ல ஆளையே திருப்பித் திருப்பிப் பாக்கலாமாம்ல. எம் முதுகையும் ஒருக்கா காட்டேன். இத்தன வருசம் சொமந்த முதுகு, நான் பாத்ததே இல்ல.”

திரையில், மவுஸ் குறியான சின்ன வெள்ளைக் கை கண்ணாடி உடம்பின் தோளைப் பற்றியபடி இருந்தது. அம்மா இன்னும் கொஞ்சம் குனிந்து, காத்திருந்தாள்.