கழுத்தில் நெறி

மகளுக்குத் தலை வாரிவிடுவது தச்சரின் வேலை. மனைவிக்குப் பொட்டலம் கட்டும் தொழிற்சாலையில் காலை ஷிஃப்ட், விடியும்போதே கிளம்பிவிடுவாள். ஆறு வயதுச் சுண்டுவைக் குளிக்கவைத்து, ஊட்டி, இரட்டைச் சடை போட்டுப் பள்ளியில் விட்டுவிட்டுத்தான் அவர் பட்டறைக்குப் போவார். சுண்டெலி என்று வைத்த பட்டப்பெயர் தேய்ந்து சுண்டு ஆகியிருந்தது. கொறிப்பாளே தவிரச் சாப்பிடமாட்டாள்.

ஒரு நாள் இடப்பக்க முடியை ஒதுக்கியபோது காதுக்குக் கீழே விரலில் ஏதோ தட்டுப்பட்டது. அழுத்திப் பார்த்தார். கொட்டைப்பாக்கு அளவில் ஒன்று. அதை ஒட்டி இன்னொன்று.

"வலிக்குதா?"

"இல்ல. நீங்க சடை இழுக்குறதுதான் வலிக்குது."

பட்டறையில் மைத்துனனிடம் சொன்னார். இருவரும் சேர்ந்துதான் கதவு, ஜன்னல் வேலை எடுத்துச் செய்தார்கள். "நெறி கட்டியிருக்கும் மாமா. தொண்டையில புண்ணு கிண்ணு இருந்தா கட்டும். வந்த மாதிரியே போயிடும்" என்றான் அவன்.

போகவில்லை. தெருமுனை டாக்டர் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, கிருமிதான் என்று பாட்டில் மருந்து எழுதினார். அது தீர்ந்ததும் வேறொன்று எழுதினார். முதல் மருந்து ரோஸ், அடுத்தது மஞ்சள். நிறம் மாறியதே தவிர நெறி மாறவில்லை. இரண்டாக இருந்தது மூன்றாகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. சுண்டு வழக்கம்போல் ஓடினாள், விளையாடினாள். சாயங்காலங்களில் மட்டும் சில நாள் உடம்பு லேசாகச் சுட்டது.

தச்சர் கைபேசியில் 'குழந்தை கழுத்தில் கட்டி' என்று தேடிப் பார்த்தார். மூன்றாவது வரியிலேயே அந்தச் சொல் வந்தது. கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மனைவியிடம் எதுவும் சொல்லாமல் வெங்காயம் நறுக்கப் போனார்.

அவளே பின்னால் வந்து நின்றாள். "போன்ல பார்த்தீங்களா?"

"எதை?"

"நான் பார்த்ததைத்தான்."

அவர் நறுக்குவதை நிறுத்தினார். இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே பயத்தை மென்று விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். "நாளைக்கு லீவு போடுறேன். சேர்ந்தே போவோம்" என்றாள்.

தெருமுனை டாக்டர் மூன்றாவது மருந்துக்குப் பேனாவை எடுத்தபோது தச்சர் கையை நீட்டித் தடுத்தார்.

"மருந்து வேணாம் டாக்டர். இது என்னன்னு சொல்லுங்க."

டாக்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பேனாவை வைத்தார். "எனக்குத் தெரியலைங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன். தள்ளிப்போடாதீங்க."

தெரியலை என்று ஒரு டாக்டர் சொன்னது தச்சருக்கு விசித்திரமாக ஆறுதல் தந்தது. இத்தனை நாளில் யாரும் சொல்லாத ஒரே உண்மை அதுதான்.

பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் டாக்டரம்மா நிதானமானவர். கழுத்தை மட்டுமல்ல, அக்குள், வயிறு, தொடையிடுக்கு எல்லாம் தொட்டுப் பார்த்தார். எடை போட்டார். போன வருடத்தை விட ஏறவே இல்லை. நெறியில் மெல்லிய ஊசி குத்திக் கொஞ்சம் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார்.

"ஊசி குத்தினா நெறி ஓடிடுமா?" என்று கேட்டாள் சுண்டு.

"ஓடாது. ஊசி உள்ள போய், 'நீ யாரு'ன்னு நெறியைக் கேட்டுட்டு வரும்" என்றார் டாக்டரம்மா.

முடிவு வரும்வரை தச்சருக்குக் கை ஓடவில்லை. ஒரு கதவை நாலு விரற்கடை குட்டையாக அறுத்துவிட்டார். மைத்துனன் அதை நிலையில் நிறுத்திப் பார்த்து, "பூனை வர்றதுக்கு வழி விட்டிருக்கீங்களா மாமா?" என்று கேட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்த்ததும் வேறு பலகை எடுத்தான்.

முடிவைக் கேட்கத் தச்சரும் மனைவியும் சுண்டுவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். டாக்டரம்மா அவர்களை உட்காரக்கூட விடாமல் முதலில் அதைச் சொன்னார். "கேன்சர் இல்ல."

மனைவி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டிபி. நுரையீரல்ல மட்டும்தான் வரும்னு இல்ல, கழுத்து நெறியிலயும் வரும். ஆறு மாசம் விடாம மாத்திரை சாப்பிட்டா சரியாயிடும். குழந்தைங்களுக்கு இது பெரியவங்ககிட்ட இருந்துதான் ஒட்டும். வீட்டுல யாருக்காவது ரொம்ப நாளா இருமல் இருக்கா?"

"யாருக்கும் இல்லைங்க" என்றார் தச்சர். அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்திருந்தார்.

"அப்பா இருமுவாங்களே" என்றாள் சுண்டு.

"அது மரத்தூள், கண்ணு. பட்டறையில எல்லாருக்கும் வர்றதுதான்."

"இருக்கலாம். மரத்தூள்தானான்னு பார்த்துடுவோம்" என்றார் டாக்டரம்மா.

எக்ஸ்ரே எடுத்தார்கள், சளியைச் சோதித்தார்கள். மரத்தூள் இல்லை. தச்சரின் நுரையீரலிலும் டிபிதான். மனைவிக்கு நெஞ்சில் ஒன்றுமில்லை.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்ததாகச் சொல்வார்கள். இவர் நோயை நெஞ்சில் வைத்துக்கொண்டு காரணம் கேட்டு அலைந்திருக்கிறார். ஆஸ்பத்திரி நடைகூடத்தில் பெஞ்சின் ஓரத்தில் தள்ளி உட்கார்ந்தார். சுண்டு பக்கத்தில் வந்தபோது, "அம்மாகிட்ட போ" என்றார். குரல் அவரை மீறிக் கடுமையாக வந்தது.

மனைவி குழந்தையைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் அனுப்பிவிட்டு வந்தாள்.

"நான்தான் கொடுத்திருக்கேன்" என்றார்.

"தெரிஞ்சா கொடுத்தீங்க? நானும்தான் அந்த இருமலைக் கேட்டுக்கிட்டே பக்கத்துல படுத்திருந்தேன். கஷாயம் வச்சுக் கொடுத்தேன். என்னையும் சேர்த்துத் திட்டுங்க, இல்ல ரெண்டு பேரையும் விடுங்க."

அவர் ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டார்.

மைத்துனனிடம் சொல்வதுதான் சிரமமாக இருந்தது. அவனும் சோதித்துக்கொள்ள வேண்டும். பட்டறை வாசலிலேயே நின்று சொல்லி முடித்தார். அவன் இழைப்புளியைக் கீழே வைத்தான். "சரி, போய்ப் பார்க்கிறேன். எனக்கும் இருந்தா அக்கா உங்களைச் சும்மா விடமாட்டா" என்றான். தச்சர் மனைவியின் தம்பிதான் அவன். அவனுக்கு ஒன்றுமில்லை என்று வந்தது. அந்தச் செய்தியைச் சொல்ல அவனே வீட்டுக்கு வந்து, ஜன்னலுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டுப் போனான்.

முதல் சில வாரங்கள் தச்சர் முன்னறையில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தனியாக இருந்தார். மனைவி ஷிஃப்ட் மாற்றிக்கொண்டாள். அவள் போட்ட சடைகள் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இருந்தன. சுண்டு வாசற்படியோடு நின்று தகவல் சொல்லுவாள்.

"அப்பா, எனக்கு ஆரஞ்சு கலர்ல உச்சா வருது."

"எனக்கும்தான். மாத்திரை அப்படி."

"அம்மாவுக்கு வரல" என்றாள் பெருமையாக.

மருந்து தொடங்கிய இரண்டாம் மாதம் நெறி சுருங்குவதற்குப் பதிலாகப் பெரிதானது. தோல் சிவந்தது. அதற்குள் தச்சரிடமிருந்து நோய் இனி அடுத்தவருக்கு ஒட்டாது என்று சொல்லியிருந்தார்கள். பள்ளிக்குக்கூடச் சொல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

டாக்டரம்மா மறுபடி எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார். "மருந்து வேலை செய்யறப்போ சிலருக்கு இப்படி வீங்கும். பயந்து மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க."

"தெரிஞ்சு சொல்றீங்களா டாக்டர், இல்ல எனக்காகச் சொல்றீங்களா?"

"தெரிஞ்சுதான் சொல்றேன். தெரியலைன்னா அதையும் சொல்லுவேன்."

அவர் நம்பினார். ஆனாலும் தினமும் காலையில் சடை போடும் முன் கழுத்தைத் தடவிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பள்ளி விட்டு வந்ததும் ஒரு முறை, தூங்கப் போகும்போது ஒரு முறை. "போதும்பா, கூசுது" என்று தோளைக் குறுக்குவாள் சுண்டு. நெறி மெல்ல வடிந்தது. ஒன்று மட்டும் பட்டாணி அளவில் நின்றுபோனது. அது அப்படியே இருந்துவிடலாம், தொந்தரவு தராது என்றார்கள். மருந்து முடிந்தது. அவருக்கும் முடிந்தது. அவர் விரல்களுக்குத்தான் முடியவில்லை.

ஒரு நாள் பள்ளி வாசலில் சுண்டு வாயை மூடிக்கொண்டே ஓடி வந்தாள். மூச்சு வாங்க உள்ளங்கையை விரித்தாள். கைக்குட்டையில் சுற்றிய முன்பல். ஈறு தெரியச் சிரித்தாள். எப்படி விழுந்தது, யார் யார் பார்த்தார்கள், ரத்தம் எவ்வளவு வந்தது என்று வழி நெடுகச் சொன்னாள். பல் போன இடத்தில் காற்று புகுந்து பாதிச் சொல் சீட்டியாக வந்தது. அவர் குனிந்து குனிந்து கேட்டு, விழுந்து விழுந்து சிரித்தார்.

அன்று கழுத்தைத் தொட்டுப் பார்க்கவே இல்லை என்பது மறுநாள் காலை சீப்பை எடுக்கும்போதுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது.