வலது பக்கத்துக் குரல்

தார்த்து நகரின் சிறிய வானொலி நிலையத்தில் மாலை நான்கு மணி ரேலிகாவினுடையது. லிஸ்பனிலும் ஒஸ்லோவிலும் யார் யாரோ படுக்கையறையில் கணினியை வைத்துக்கொண்டு செய்த மின்னிசைப் பாட்டுகள் அவளிடம் வந்து குவியும். பெயர் தெரியாத அந்தக் கூட்டத்திலிருந்து ஒன்றைப் பொறுக்கியெடுத்து ஊருக்குக் கேட்கக் கொடுப்பதுதான் அவள் வேலை. அவள் போட்ட பாட்டைப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் அன்றே தேடிப் பிடிப்பார்கள்.

குளிர்காலத்தில் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவளுடைய வலது காது அடைத்துக்கொண்டது. சரியாகிவிடும் என்று காத்திருந்தாள். ஆகவில்லை. மருத்துவரும் உதட்டைப் பிதுக்கிவிட்டார். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

பனி உருகத் தொடங்கியிருந்த ஒரு நாள், பக்கத்து நாடான லாத்வியாவின் லியெபாயா துறைமுகத்திலிருந்து டாக்னியா என்ற பெண் அனுப்பியிருந்த பாட்டைப் போட்டாள். தண்ணீருக்கடியில் மணி அடிப்பது போன்ற இசை. முடிந்ததும், "வார்த்தையே இல்லாம எவ்வளவு சொல்லிட்டாங்க, பாருங்க" என்றாள்.

அடுத்த பாட்டு ஓடும்போது, ஒலிப்பொறுப்பாளன் உர்மாஸ் கண்ணாடித் தடுப்பைத் தாண்டி உள்ளே வந்தான்.

"வார்த்தையே இல்லையா? அந்தப் பொண்ணு முழுக்கப் பாடிக்கிட்டுதானே இருந்தா?"

"எங்க பாடினா?"

"வலது பக்கத்துல. குரலை மொத்தமா ஒரு ஓரத்துல ஒதுக்கி வச்சிருக்கா."

ரேலிகா தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். உர்மாஸ் அவள் ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டிவிட்டு, பாட்டை அவளுக்கு மட்டும் மறுபடி ஓடவிட்டான்.

தூங்குகிறவர்களை எழுப்பிவிடாமல் பாடுவது போல ஒரு மெல்லிய குரல். லாத்விய மொழி அவளுக்குப் புரியாது. இருந்தும் கடைசி வரை கேட்டாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"கிறிஸ்துமஸ்லேர்ந்து."

"அடக் கொடுமையே. நான் உன் வலது பக்கமே நின்னு எத்தனை ஜோக் சொல்லியிருக்கேன்."

"அதுல தப்பிச்சதுதான் எனக்கு ஒரே லாபம்."

அவன் சிரித்துவிட்டு, ஏதோ ஒரு குமிழைத் திருகினான். "ரெண்டு பக்கத்தையும் சேர்த்து இடது காதுக்கே குடுத்துடறேன். அஞ்சு நிமிஷ வேலை. இதுக்குப் போயா தனியா உக்காந்து தவிச்ச?"

ரேலிகா ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தாள். "எனக்கு ஒரு காது கேக்காது. அதனால உங்ககிட்ட தப்பா சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு பாடியிருக்கா. இன்னொரு தடவை கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் பாட்டை மறுபடி ஒலிபரப்பினாள்.

நிகழ்ச்சி முடிந்ததும் டாக்னியாவே தொலைபேசியில் வந்தாள். இணையத்தில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்; ரேலிகாவின் மொழி அவளுக்கு ஓரளவு தெரியும்.

"குரலே இல்லைன்னு நீங்க சொன்னப்ப நிம்மதியா இருந்துச்சு. அப்புறம் திரும்பப் போட்டீங்க. நான் பால்கனிக்கு ஓடிட்டேன்."

"ஏம்மா ஒரு பக்கமா வச்ச?"

"பிடிக்காதவங்க அந்தப் பக்கத்தைக் கழட்டிக்கலாமேன்னு."

"இங்க வந்து பாடறியா? ஓரமா இல்ல, நடுவுல நின்னு" என்று கேட்டாள் ரேலிகா. மறுமுனையில் கடற்பறவைகளின் சத்தத்துக்கு நடுவே, "வரேன்" என்றாள் டாக்னியா.

மே மாதத்தில், இசைப்பலகையைக் கம்பளிச் சால்வையில் சுற்றிக்கொண்டு பேருந்தில் வந்து இறங்கினாள். உயரமாக இருந்தாள்; உயரத்தைக் குறைத்துக்கொள்வது போல முதுகை வளைத்து நடந்தாள். ரேலிகா கறுப்பு ரொட்டியும் புகையில் வாட்டிய மீனும் எடுத்து வைத்தாள். டாக்னியா தொடவில்லை.

முதல் பாட்டில் குரல் உடைந்து நின்றுவிட்டது. நேரடி ஒலிபரப்பு. உர்மாஸ் பதறிப் போய் வேறு பாட்டைத் தேடினான். ரேலிகா அவனுக்குக் கையைக் காட்டி வேண்டாம் என்றாள். நாற்காலியை டாக்னியாவுக்கு எதிரே இழுத்துப் போட்டு, இடது காதை அவள் பக்கமாகத் திருப்பி உட்கார்ந்தாள்.

"எனக்கு மட்டும் பாடு" என்று மெதுவாகச் சொன்னாள்.

டாக்னியா அந்தக் காதைப் பார்த்துக்கொண்டே பாடினாள். பாடப் பாட முதுகு நிமிர்ந்தது. மூன்றாவது பாட்டுக்கு யாரையும் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டாள்.

முடிந்ததும் ரொட்டித் தட்டைத் தன் பக்கம் இழுத்து, மீன் எண்ணெய் விரல்களில் வழிய ஒரு துண்டு விடாமல் தின்றாள். வாசலில் மாணவர்கள் சிலர் வந்து நிற்பதாக உர்மாஸ் சொன்னான்.

"யாரைப் பாக்க?" என்று வாயில் ரொட்டியோடு கேட்டாள்.

"உன்னைத்தான்" என்று ரேலிகா கைதுடைக்கும் துணியை நீட்டினாள்.