ஐம்பத்து மூன்று தடவை

மாதா கோயிலில் சாயங்காலச் செபமாலையின்போது, மைக்கில் செபம் சொல்லும் குரல்காரர் ‘தாயே’ என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் ஒலிபெருக்கியிலிருந்து “என்னப்பா?” என்று ஒரு பெண்குரல் கேட்டது. இது ஒரு திங்கட்கிழமை தொடங்கியது. செபமாலையில் அருள் நிறைந்த மந்திரம் ஐம்பத்து மூன்று. ஒவ்வொன்றிலும் அந்தச் சொல் உண்டு. ஐம்பத்து மூன்றுக்கும் பதில் வந்தது. எலெக்ட்ரீஷியன் வந்து ஒயரை மாற்றினார், பெட்டியைப் பிரித்துத் தூசி தட்டினார். மைக்கையே அணைத்துவிட்டுச் சொல்லிப் பார்த்தார்கள். அப்போதும் குரல் வந்தது, கொஞ்சம் மெதுவாக. மாதாதான் பேசுகிறாள் என்று இரண்டாவது வாரம் ஊரே முடிவுகட்டிவிட்டது. பங்குச் சாமியார் இன்னும் பத்து பெஞ்சு செய்யச் சொன்னார்.

குரல்காரருக்குப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. எந்த வண்டி எந்த நடைமேடை என்று இருபத்திரண்டு வருஷம் சொல்லிச் சொல்லிப் பேர் வாங்கிய தொண்டை. அதைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றினார். வெந்நீர்தான் குடிப்பார், வீட்டில் வாயே திறக்க மாட்டார். பின்னறையில் இருந்த அம்மாவுக்கு, கதவில் ஒரு தட்டு தட்டினால் சாப்பாடு, இரண்டு தட்டினால் மாத்திரை. அவளுக்குத்தான் காது போய்விட்டதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். காது போனதை யார் கண்டது? எட்டு வருஷமாக அவர் கூப்பிடவே இல்லை, அவ்வளவுதான். ‘என்ன’வை இழுத்து ‘ப்பா’வை விழுங்குகிற அந்தக் குரல் யாருடையது என்று முதல் நாள் முதல் பதிலிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, மனுஷன். “நீங்க கூப்பிட்டாத்தானே மாதா பேசுறா” என்று ஆட்கள் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அது அவருக்குப் பிடித்துப்போயிற்று. தினமும் இஸ்திரி போட்ட சட்டையில்தான் கோயிலுக்குப் போனார்.

அந்தச் சட்டைகளை இஸ்திரி போட்ட எதிர்வீட்டுக்காரி கோயில் பக்கமே வராதவள். ஆறாவது வாரம் அவளும் வேடிக்கை பார்க்க வந்தாள். மூன்றாவது பதிலிலேயே பெஞ்சை விட்டு எழுந்தாள்.

“அட, இது உங்க அம்மா கொரலுண்ணே! தினம் இந்த நேரத்துக்குச் செவுத்தப் புடிச்சிக்கிட்டு எந்திரிச்சு வாசலுக்கு வர்றாங்க. ‘என்னப்பா’ங்கிறாங்க. யாருமில்லன்னு போய் உக்காருறாங்க. உக்காந்ததும் மறுபடி வர்றாங்க. மூளை கலங்கிடுச்சு போலன்னு நெனச்சேன். அந்த முட்டிய வச்சிக்கிட்டு ஒரு நாளைக்கு அம்பது தடவைண்ணே.”

கோயில் முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு. மைக்கை அணைக்காமலே இறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல், கூனிக் குறுகி வீட்டுக்கு நடந்தார்.

அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கோயில் இருந்த திசையைப் பார்த்து நின்றிருந்தாள். கால் நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் பக்கத்தில் போய் நின்று, “அம்மா” என்றார்.

“கொஞ்சம் இருங்க, எம்புள்ள கூப்பிடுறான்” என்றாள் அவள், திரும்பாமலே. “என்னன்னு கேட்டுட்டு வந்துடறேன்.”

“நான்தாம்மா கூப்பிட்டேன்.”

அவள் திரும்பி அவர் முகத்தையே பார்த்தாள். “நீயா? வீட்ல பேசாதப்பா. தொண்ட கட்டிக்கும்.”

அவளைத் தாங்கிக் கூட்டிப்போய்க் கட்டிலில் உட்காரவைத்து, முட்டிக்குத் தைலம் தேய்த்தார். வெட்கத்தில் தலை நிமிரவே இல்லை.

மறுநாளிலிருந்து செபமாலையை அவர் பின்னறையில், கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சொல்கிறார். ‘தாயே’ என்றதும் அவள் “என்னப்பா?” என்பாள். “ஒண்ணுமில்லம்மா, உக்காரு” என்பார். இதனால் அரைமணி நேரம் கூடுதலாகிறது. கோயிலில் இப்போது எலெக்ட்ரீஷியன்தான் செபம் சொல்கிறார். பதில் வருவதில்லை. ஆனாலும் அந்தச் சொல்லுக்குப் பிறகு, ஒரு பதில் வந்து போகும் அளவுக்கு நிறுத்திவிட்டுத்தான் எல்லோரும் செபத்தைத் தொடர்கிறார்கள். அந்த இடைவெளியில் யாராவது ஒருவர் சத்தமில்லாமல் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவதும் உண்டு. எங்கே போகிறீர்கள் என்று சாமியார் கேட்பதில்லை.