வெட்டிய மூலை

முந்திரின் வலது தோள் முந்தைய நாள் சாயங்காலமே கழன்று விழப் பார்த்தது. ஒன்பது மணி நேரம் பாலிஷ் மெஷினைப் பிடித்த கை. காலையில் தேநீர்க் கிளாஸைத் தூக்கவே இடது கையைத் துணைக்குக் கூப்பிட வேண்டியிருந்தது. அந்த வலியில்தான் நேற்று, இரண்டு தடவையாகத் துவைக்க வேண்டிய துணிகளை ஒரே தடவையில் துவைக்கும் மெஷினுக்குள் திணித்துவிட்டான்.

இப்போது கார் பட்டறைக்குப் பின்னால் கொடியில் காய்ந்ததைப் பிரித்துக்கொண்டிருந்தான். வண்டியின் மேனியைத் துடைப்பவை ஒரு பக்கம், சக்கரம் துடைப்பவை ஒரு பக்கம். மலிவாகக் கிடைத்ததென்று முதலாளி ஹாஜி எல்லாவற்றையும் ஒரே நீலத்தில் வாங்கிப் போட்டிருந்தார். அதனால் சக்கரத் துணிகளில் மட்டும் ஒரு மூலையை முந்திரே வெட்டிவைத்திருந்தான். வெட்டியவை பன்னிரண்டு. எண்ணினான். பதினொன்று. மறுபடி எண்ணினான். பதினொன்றுதான்.

பிரேக் தூள் என்றால் இரும்புப் பொடி. எத்தனை துவைத்தாலும் இழைக்குள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும், பெயிண்டில் பட்டால் கீறிவிடும். பட்டறைக்குள் எட்டிப் பார்த்தான். உள்ளே, கூட வேலை செய்யும் ஷுக்ரி கொடியிலிருந்து எடுத்த துணியால் கறுப்புக் காரின் கூரையைத் துடைத்துக்கொண்டிருந்தான். கல்யாண வண்டி. நான்கு மணிக்குப் பூக் கட்டுகிறவர்கள் வந்துவிடுவார்கள். போன மாதம் முந்திரின் பெல்ட் பக்கிள் பட்டு ஒரு கதவில் கோடு விழுந்தபோதே ஹாஜி சொல்லிவிட்டார்: இன்னொரு கோடு விழுந்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

“ஷுக்ரி, கையை எடு.”

“என்ன அபூ யமன், கூரை மேல தேள் ஏறிடுச்சா?”

மகன் பெயரை வைத்து எல்லோரும் அபூ யமன் என்று கூப்பிடும் முந்திர் துணியைப் பிடுங்கி விரித்தான். ஒரு மூலை இல்லை. விளக்கைத் தாழ்த்திப் பிடித்தான். கூரையின் வலப்பாதி முழுக்கச் சிலந்தி நூல் மாதிரி மெல்லிய கோடுகள்.

“மாப்பிள்ளைக்கு வலை போட்டு அனுப்புறோம்,” என்றான் ஷுக்ரி. அப்புறம் அவனுக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. சாப்பிடப் போன ஹாஜி மூன்றரைக்குத் திரும்பிவிடுவார். மணி இரண்டு நாற்பது.

பாலிஷ் போட்டால் போய்விடும் கோடுதான். ஆனால் மெஷின் தலையில் மாட்டும் பஞ்சு பேட் அத்தனையையும் காலையில்தான் கழுவிக் கவிழ்த்திருந்தான். ஒன்றை அமுக்கினான், தண்ணீர் சொட்டியது. ஈரப் பேடை மாட்டினால் பாலிஷ் மருந்து நாலாபக்கமும் தெறிக்கும், கோடு இருந்த இடத்திலேயே இருக்கும்.

எதிர்ப் பட்டறை ரஷ்வானிடம் காய்ந்த பேட் இருக்கும். அங்கே போகத்தான் கால் எழவில்லை. போன குளிர்காலத்தில் ரஷ்வானின் தண்ணீர் ரப்பர் குழாய் வெடித்தது. ஒரு மணி நேரத்துக்குக் குழாயை இரவல் கேட்டு வந்தவனிடம் இல்லையென்று சொன்னவன் முந்திர். கொடுக்கிற சாமான் அழுக்கோடு திரும்பும் என்ற பயம். அந்தக் குழாய் முந்திரின் முதுகுக்குப் பின்னாலேயே சுவரில் சுருண்டு தொங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து இருவருக்கும் ஸலாம்கூடக் கிடையாது.

போனான். ரஷ்வான் ரொட்டியை அவித்த பயறில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். முந்திர் நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். ரஷ்வான் மென்று முடிக்கும்வரை அவனை நிற்கவைத்தான்.

“இல்லைன்னு நானும் சொல்லலாம் அபூ யமன். ஆனா பேட் சுவத்துல தொங்குதே. நீயும் பாத்துட்ட.”

ரஷ்வான் கையைத் துடைத்துக்கொண்டு சுவரைக் காட்டினான்.

“அந்த ஆரஞ்சு பேடை எடுத்துக்க. கழுவிக் குடு.”

மெஷினைத் தூக்கியதும் தோளில் ஊசி இறங்கியது. ஷுக்ரி விளக்கைப் பிடித்து, மணியைச் சொல்லிக்கொண்டே இருந்தான். கடைசி ஒரு சாண் மிச்சமிருக்கும்போது கை நழுவியது. மெஷின் சரிந்து, ஏரியல் கொம்பில் மாட்டிப் பேடின் ஓரம் கிழிந்தது. கொம்புக்கும் கூரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. மிச்சத்தைக் கையாலேயே தேய்த்தான்.

ஹாஜி வந்தார். கூரையைக் குனிந்து பார்த்தார், நடந்து அந்தப் பக்கமும் பார்த்தார். இன்னும் ஏன் பாலிஷ் வாடை அடிக்கிறது என்று கேட்டார்.

“கல்யாண வண்டி, ஹாஜி. மணக்க வேணாமா?” என்றான் ஷுக்ரி.

ஹாஜி முந்திரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

பூக்காரர்கள் வந்ததும் முந்திர் பின்னால் போய், கிழிந்த பேடைக் குழாயடியில் நுரை நிற்கும்வரை கழுவினான். எவ்வளவு கழுவினாலும் அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. ரஷ்வானுக்கு ஓர் ஆரஞ்சு பேட் பாக்கி, புதியது.