சாலட் வைக்கத் தராத தோணி

ஜெராட் அந்தப் பிழையை அன்பினால்தான் செய்தான்.

மனைவி ஜெனிஸ்டா, தாய்க்குச் சுகமில்லை என்று சிலாபத்துக்குப் போயிருந்தாள். அவளுடைய மரத்தோணி கலேவெலக் குளத்தோரம் தண்ணீருக்குள் அமிழ்ந்து கிடப்பதை ஜெராட் கண்டான். உள்ளே நிறையக் கற்கள். யாரோ வேண்டாதவர்கள் வேலை என்று நினைத்து, நாலு பேரைப் பிடித்துக் கரையேற்றினான். சோப்புப் போட்டுக் கழுவி, இரண்டு கிழமை ஆகஸ்ட் வெயிலில் காயவைத்தான். ரிவர்ஸ்டன் பக்கம் தோட்டத்து லொறிகளோடு வளர்ந்தவனுக்குத் தெரிந்த பராமரிப்பு அதுதான்.

பாவிக்காத நாட்களில் மரத்தோணி வெயிலில் காயக்கூடாது. அதனால் கல் ஏற்றி அமிழ்த்திவிட்டுப் போனவளே ஜெனிஸ்டாதான்.

திரும்பி வந்து பார்த்தபோது அடிமரத்தில் விரல் நுழையும் வெடிப்பு.

"சோப்பு வேறயா போட்டீங்க?" என்றாள். ஜெராட் தலையைச் சொறிந்தான்.

ஜெராட்டின் தாய் டொறீனுக்கு வருத்தமே இல்லை. "ஹோட்டல்காரங்களுக்குத் தர்றேன்னு சொல்லிட்டேன். சனிக்கிழமை லொறி வருது."

"வெடிச்ச தோணி அவங்களுக்கு எதுக்கு மாமி?"

"சாப்பாட்டு ஹோல்ல வச்சு, உள்ளுக்கு ஐஸ் கொட்டி, சாலட் பரப்புவாங்களாம். குடும்பப் பொம்பள துடுப்பும் கையுமா திரியுறதுக்கு அது எவ்வளவோ மேல்."

ஜெனிஸ்டாவுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். பஸ் தரிப்பிடத்திலும் கோயில் வாசலிலும் எல்லோருக்கும் ஒரே கேள்வி: "இன்னும் விசேஷம் இல்லையா?" விடியற்காலையில் அரை மணித்தியாலம் குளத்து நடுவே தோணியை விட்டால் நீர்க்காகங்கள் மட்டும்தான். அவை ஒன்றும் கேட்பதில்லை. அந்த அரை மணித்தியாலத்தையா ஐஸ் போட்டு மூடுவது?

வெள்ளிக்கிழமை ஜெராட் வேலைக்குப் போனதும், உருளைக் கட்டை வைத்துத் தோணியைத் தனியாகவே தள்ளினாள். மாலைவரை கல் சுமந்தாள்.

சனிக்கிழமை லொறியோடு வந்த ஹோட்டல் மெனேஜர் இப்ஹாம் கரையெல்லாம் தேடினார். "தோணி எங்க மிஸ்?"

அவள் தண்ணீரைக் காட்டினாள்.

"அல்லாஹ்! முங்கிப் போச்சா?"

"நான்தான் முக்கி வச்சிருக்கேன். மரம் ஊறினா வெடிப்பு மூடும்."

"மூடலன்னா?"

"பஞ்சும் குங்கிலியமும் வச்சு அடைப்பேன். அதுவும் நிக்கலன்னா தண்ணியை அள்ளி ஊத்திக்கிட்டே ஓட்டுவேன். சாலட்டுக்குத் தரமாட்டேன்."

"டேய் ஜெராட்!" கரையில் மகனோடு நின்ற டொறீனின் குரல் அக்கரைக்குக் கேட்டிருக்கும். "நான் வாக்குக் குடுத்திருக்கேன். இறங்கித் தூக்கிக் குடுடா!"

ஜெராட் செருப்பைக் கழற்றினான். காற்சட்டையோடேயே இடுப்பளவு தண்ணீரில் இறங்கினான். லொறிக்காரர்கள் கயிற்றை அவிழ்த்தார்கள்.

அவன் குனிந்து, தண்ணீருக்குள் தோணியை நுனிவரை தடவிப் பார்த்தான்.

"ஜெனி, முன்பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது. இப்படியே விட்டா வெயில் படும்," என்றான். "இன்னொரு கல்லு எடு."

"புருஷனும் பொண்டாட்டியும் குளத்திலேயே குடியிருங்க!" என்று டொறீன் குடையை விரித்துக்கொண்டு நடந்தாள்.

"ரெண்டு கிழமைல நீங்களும் வாங்க மாமி, மூணு பேரைத் தாங்கும்!"

இப்ஹாம் சிரிப்பை அடக்க முடியாமல் லொறியில் ஏறினார். ஜெனிஸ்டா கரையில் கிடந்ததிலேயே பெரிய கல்லைத் தூக்கிக்கொண்டு கணவனிடம் இறங்கினாள்.