பத்துத் தேய்த்த படகு

வாணியம்பாடிப் புளி வியாபாரி ஜப்பார் பாயின் லாரியிலிருந்து படகை இறக்கினார்கள். படகுக்கு முன்னால் அதன் நாற்றம் இறங்கியது.

"இன்னா பாய், படகு கேட்டா செத்த மாட்டை ஏத்திக்கினு வந்திருக்கீங்க?" என்றாள் மங்கம்மாள், மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு.

"மீன் நாத்தம்மா அது. கீழ அணைக்கட்டுல மீன் குத்தகைக்காரர் ஒருத்தர் வெச்சிருந்தது. பலகையெல்லாம் இரும்பு மாதிரி. தட்டிப் பாருங்க."

மங்கம்மாள் தட்டிப் பார்க்கவில்லை. தொட்டாலே கையில் செதில் ஒட்டியது. அவள் வீட்டுக்காரர் தீர்த்தகிரியும் மகன் சடையனும் புது மாடு வாங்கினவர்கள் மாதிரி படகைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். மலைமேல் அந்த ஊருக்குப் படகு என்று ஒன்று வந்ததே அதுதான் முதல் தடவை. எண்பத்திரண்டாம் வருஷம் அது.

ஊருக்கு முன்னால் ஏரி, பின்னால் ஓடை. கோடையில் வறண்ட ஏரிக்குள்ளேயே லாரி வரும். மழை பிடித்துவிட்டால் ரோடு அக்கரைக்காரர்கள் சொத்து ஆகிவிடும். ஓடையை ஆம்பிளைகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தாண்டலாம், அவ்வளவுதான். போன வருஷ மழையில் சடையன் பெண்டாட்டி சாந்தம்மாளுக்கு வலி கண்டது. ஆஸ்பத்திரிக்கென்று டோலி கட்டித் தூக்கிக்கொண்டு ஓடைக்கரைக்குப் போனார்கள். வெள்ளம் வடியவில்லை. காத்துக் கிடந்த இடத்திலேயே பிள்ளை பிறந்தது. அழவில்லை.

இப்போது அவளுக்கு மறுபடி மாசம் ஏறிக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்த புளியையெல்லாம் பாய்க்குப் போட்டுப் படகு வாங்கினது அதற்காகத்தான். சாந்தம்மாளின் அம்மா கன்னியம்மாள் ஆலங்காயம் பக்கத்திலிருந்து இந்தத் தடவை முன்கூட்டியே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"போன தடவ நான் இல்ல. இருந்திருந்தா 'மழை விடட்டும், மழை விடட்டும்'னு ஒக்கார வெச்சிருப்பேனா?" என்பாள், யாராவது கேட்டாலும் கேட்காவிட்டாலும். மழை விடட்டும் என்று அன்றைக்குச் சொன்னது மங்கம்மாள்தான். சடையன் அதைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாததுதான் அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

பாய் லாரியில் ஏறி, எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தினார். "சடையா, தண்ணியில இறக்கறதுக்கு முன்னாடி கலப்பத்து பாத்துடுங்க. அதான் முக்கியம். பத்து சரியில்லன்னா படகு படகே இல்ல. பழனின்னு ஒருத்தன அனுப்பறேன், ஓட்டக் கத்துக்குடுப்பான்."

பாதி காற்றோடு போயிற்று.

"இன்னா சொல்லிட்டுப் போறாரு?" என்றார் தீர்த்தகிரி.

"பத்து போவத் தேய்க்கணுமாம்," என்றாள் கன்னியம்மாள். "இதை ஒரு பாய் வந்து பொம்பளைங்களுக்குச் சொல்லவேண்டியதா போச்சு. சோத்துப்பானையில ஒட்டினாலும் பத்துதான், மீன் படகுல ஒட்டினாலும் பத்துதான். இன்னா சம்பந்தி?"

மங்கம்மாள் புடவையைத் தூக்கிச் செருகினாள்.

"எம்மா, நான் தேய்க்கறேன்," என்றான் சடையன்.

"ஆம்பிளை தேச்சு எந்தப் பத்து போச்சு? தள்ளு அப்பால."

சாம்பல், செங்கல் தூள், வைக்கோல் பிரி, ஒரு உருண்டை கொட்டை எடுத்த புளி. பித்தளை அண்டாவைத் தேய்க்கிற சாமான்தான் எல்லாம். முதலில் செதில் போயிற்று, அப்புறம் பாசி, அப்புறம் நத்தை ஓடுகள். உட்காரும் பலகைக்கு அடியில் துருப்பிடித்த தூண்டில் முள் ஒன்று அவள் விரலைக் கிழித்தது. சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடி தேய்த்தாள். புளி பட்ட இடத்தில் மரம் பழுப்பாகச் சிரித்தது.

கன்னியம்மாள் புங்கமரத்தடியில் வெற்றிலையோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த இடுக்குல இன்னும் கருப்பா கீது பாருங்க."

"எங்க?"

"பலகைக்குப் பலகை கீது. எனக்கு இங்கிருந்தே தெரியுது, உங்களுக்குத் தெரியல?"

இருந்தது. ஒவ்வொரு பலகைச் சந்திலும் அடிப்பிடித்த பருப்பு மாதிரி கெட்டியாக ஒரு கருப்பு. வைக்கோலுக்கு மசியவில்லை. மங்கம்மாள் களைக்கொத்தை எடுத்துவந்து அதன் மூக்கால் நோண்டினாள். கருப்போடு சேர்ந்து எண்ணெய் ஊறின கந்தல் நூல் ஒன்று வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

"உள்ள கந்தல் வேறயா? எந்தக் காலத்து அழுக்கோ," என்றாள் கன்னியம்மாள். அவளுக்கும் உட்கார முடியவில்லை. எழுந்துவந்து மறுமுனையைப் பிடித்து இழுத்தாள். ஒருத்தி நோண்ட ஒருத்தி உருவ, இரண்டு சம்பந்திகளும் சண்டையில்லாமல் ஒரு பகல் முழுக்கச் சேர்ந்து வேலை செய்தது அன்றைக்குத்தான்.

"சம்பந்தி, இது நாறலையே. மோந்து பாருங்க."

"சாம்பிராணி மாதிரி கீது."

ஒரு துணுக்கை நெருப்பில் போட்டார்கள். நல்ல வாசனை. எறிவானேன் என்று அத்தனையையும் ஒரு மண்பானையில் போட்டு வைத்துக்கொண்டார்கள். சாந்தம்மாள் தலைக்குக் குளிக்கும்போதெல்லாம் அதில் ஒரு பிடி தணலில் விழுந்தது. கூந்தலை விரித்துக்கொண்டு புகையில் உட்கார்ந்து, "எங்க வாங்கனீங்க அத்த?" என்பாள் அவள்.

தேய்த்து முடித்த படகை ஊரே வந்து பார்த்தது. தீர்த்தகிரி ஒரு பக்கமாகக் குனிந்தவர் அப்படியே நின்றார்.

"ஏ மங்கா, இடுக்குல வெளிச்சம் தெரியுதே."

"அவ்ளோ சுத்தம்," என்றாள்.

"ஒழுவாதா?"

"ஊறினா மரம் அடைச்சுக்கும்பா," என்றான் சடையன். "நம்ம மரத்தொட்டி அடைச்சுக்கல?"

எல்லாரும் சரி என்றார்கள். மங்கம்மாளும் சரி என்றாள். ஆனாலும் அப்புறம் தண்ணிக்குப் போகும்போதெல்லாம் கவிழ்த்து வைத்த படகுப் பக்கம் அவள் கண் போகும். அந்த வெளிச்சக் கோடுகள் அவளுக்குப் பிடிக்கவில்லை. யாரிடம் கேட்பது, என்னவென்று கேட்பது?

மழை அந்த வருஷம் முந்திக்கொண்டது. ஏரி நிரம்பின மூன்றாம் நாள் காலையில், குறித்த நாளுக்கு முன்னாலேயே, சாந்தம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோடு நின்றாள். அந்த நேரத்துக்குச் சொல்லிவைத்தாற்போல் பழனியும் வந்து சேர்ந்தான், ஓடையைக் கயிற்றில் தாண்டி, கழுத்துவரை நனைந்து. பாய் அனுப்பின ஆள்.

"நல்ல நேரத்துக்கு வந்தய்யா," என்று அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான் சடையன்.

பழனி படகுக்குப் பக்கத்தில் குந்தினான். சந்தில் விரலை வைத்தான். நகம் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது.

"கலப்பத்து எங்க?"

"அப்படின்னா?"

"பலகைக்குப் பலகை நடுவுல பஞ்சுத்திரி திணிச்சு, குங்கிலியமும் எண்ணெயும் காச்சி அடைப்பாங்க. அதுதான் கலப்பத்து. கருப்பா இருக்கும். அது இல்லாம இது சல்லடை. தண்ணியில விட்டா நடு ஏரி தாண்டாது."

மங்கம்மாளுக்குக் காதுக்குள் தண்ணி புகுந்த மாதிரி இருந்தது. பத்து. பாய் பார்த்துக்கொள்ளச் சொன்ன பத்து.

"அப்ப பாய் நம்மள ஏமாத்திட்டாரு," என்றான் சடையன். "ஒழுவற படக நம்ம தலையில கட்டிட்டாரு."

"நல்ல மனுஷன்னு நம்பி மூட்டை மூட்டையா போட்டமேடா," என்றார் தீர்த்தகிரி. "மழை விடட்டும், வாணியம்பாடிக்கே போய்ச் சட்டையப் புடிக்கிறேன்."

வீட்டுக்குள்ளிருந்து சாந்தம்மாளின் முனகல் கேட்டது. கன்னியம்மாள் மங்கம்மாளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வாயத் தொறக்காதீங்க," என்றாள் காதோரம். "பாய் இங்க இல்ல. இருக்கறது நீங்களும் நானும். சொன்னீங்கன்னா உங்க மவன் உங்க கையால தண்ணி வாங்கிக் குடிக்கமாட்டான். எம்பொண்ணு என்னப் பத்தி இன்னா நெனப்பா?"

மங்கம்மாள் பிடிபட்ட கையையே பார்த்தாள். ஒரு 'மழை விடட்டும்' போதாதா? அதற்குமேல் இதுவுமா?

பழனி தலையைத் தூக்கி மூக்கை உறிஞ்சினான். "எங்கியோ குங்கிலிய வாசனை வருதே. அதுல கொஞ்சம் கெடச்சாக்கூட ஒப்பேத்தலாம். யார் வூட்ல புகை போடறீங்க?"

மங்கம்மாள் கையை உருவிக்கொண்டாள்.

"பாய் ஏமாத்தல," என்றாள். "இருந்துது. நான்தான் நோண்டி எடுத்தேன். அழுக்குன்னு நெனச்சு."

சடையன் அவள் பக்கம் திரும்பினான்.

"நீயா?" என்றான் சடையன். "போன வருஷமும் நீதான். இந்த வருஷமும் நீயாம்மா?"

"பானையில கீது. கொண்டாரேன்."

பானையைக் கவிழ்த்துப் பார்த்தான் பழனி. "இது பாதிக்கே வராது. மிச்சம் எங்க?"

"எம்பொண்ணு தலையில," என்றாள் கன்னியம்மாள். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள். "புகையா போய்டுச்சு. அவங்கள மட்டும் சொல்லாதீங்க மாப்ள. நானும்தான் உருவினேன்."

அப்புறம் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. இருந்ததை இலுப்பெண்ணெய் ஊற்றிக் காய்ச்சினார்கள். தேன்மெழுகு வைத்திருந்தவர்கள் கொண்டுவந்தார்கள். பிறக்கப்போகிற பிள்ளைக்கென்று தைத்து வைத்திருந்த தலையணையைப் பிரித்தார்கள். பஞ்சு தீர்ந்ததும் மங்கம்மாள் தன் பழைய நூல்புடவையைக் கிழித்துத் திரித்துக் கொடுத்தாள். பழனி உளியின் மழுங்கல் முனையால் திணித்துக்கொண்டே வந்தான்.

"இது போறதுக்குத்தான்," என்றான். "திரும்பி வர்றதுக்கு இல்ல. ரெண்டு பேர் விடாம தண்ணி மொள்ளணும்."

"நான் மொள்றேன்," என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

சாந்தம்மாளை நடுவில் படுக்க வைத்தார்கள். பழனி ஒரு துடுப்பு, சடையன் ஒன்று. ஓரத்தில் தண்ணி கசிய ஆரம்பித்தது. முதலில் வியர்வை மாதிரி, அப்புறம் நூல் மாதிரி. மங்கம்மாள் சொம்பாலும் கன்னியம்மாள் குண்டானாலும் மொண்டு மொண்டு ஊற்றினார்கள். சடையன் அம்மாவைப் பார்க்கவே இல்லை. அக்கரைப் பாறையையே பார்த்துத் துடுப்பைப் போட்டான்.

நடு ஏரியில் சாந்தம்மாள் தலையைத் தூக்கினாள். "அத்த, தொடையெல்லாம் தண்ணியா கீது."

சொம்பு அந்தரத்தில் நின்றது.

"படகுத் தண்ணியா, ஒன் தண்ணியாடி?" என்றாள் கன்னியம்மாள்.

"எனக்கெப்படிம்மா தெரியும்?"

"சூடா கீதா, ஜில்லுன்னு கீதா? சொல்லுடி."

சாந்தம்மாள் கண்ணை மூடி யோசித்தாள். "ஜில்லுன்னுதான்."

"அப்ப படகுதான். ஊத்துங்க சம்பந்தி."

ஊற்றினார்கள். தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது மங்கம்மாளுக்கு. விரலில் தூண்டில் முள் கிழித்த தழும்பு மறுபடி பிளந்து சொம்பின் கழுத்தில் ரத்தம் வழுக்கியது. கரை தட்டும்போது படகுக்குள் கணுக்கால் மூழ்கத் தண்ணி. ரோட்டில் போளூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் ஆதிநாராயணன் படகைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தி வைத்திருந்தான்.

சாந்தம்மாளை ஏற்றினார்கள். கன்னியம்மாள் ஏறினாள். மங்கம்மாள் படியில் கால் வைத்தாள்.

"நீ இரு," என்றான் சடையன். 'நீயாம்மா?' என்று கேட்டதற்கு அப்புறம் அவளிடம் அவன் பேசின முதல் வார்த்தை. "படகப் பாத்துக்கோ."

பஸ் போய்விட்டது. அவன் எந்த அர்த்தத்தில் சொன்னான் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"வாங்கம்மா," என்றான் பழனி. "கவுத்துப் போட்டு ஒணத்துவோம். இந்த ரோட்டுக் கடையில பஞ்சும் குங்கிலியமும் வாங்கியாரேன்."

"எனக்குத் திணிக்கக் காட்டு."

"உங்களுக்கா?" அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. காட்டினான்.

ராத்திரி ரோட்டோரக் கடையில் கழிந்தது. மறுநாள் மத்தியானம் பஸ் திரும்பி வரும்போது அவள் கவிழ்ந்த படகோடு குந்தியிருந்தாள். முழங்கை வரை கருப்பு. பஸ் நின்றது. ஆதிநாராயணன் படியில் தொங்கிக்கொண்டு கூப்பிட்டான்.

"சடையன் அம்மாதான நீங்க? பொண்ணு பொறந்திருக்குதாம்."

அவள் எழுந்திருக்கவில்லை. "அழுதுதா?"

"அழுதுதாம். ஆனா ரொம்பப் பொடிசாம். பஞ்சுல பொதிஞ்சு வெச்சிருக்காங்களாம். ரெண்டு நாள் போவட்டும், அப்புறந்தான் சொல்ல முடியும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்களாம். ஆத்தாக்காரி நல்லா இருக்கா."

மங்கம்மாள் தன் கையில் திரித்திருந்த பஞ்சைப் பார்த்தாள்.

"உங்க மவன் ஒண்ணு சொல்லச் சொன்னாருங்க," என்றான் கண்டக்டர், சொல்வதா வேண்டாமா என்று தயங்கி.

"இன்னா?"

"அந்தப் படகுல நீங்க கை வெக்கவேணாம்னு."

ட்ரைவர் ஹாரன் அடித்தான். மங்கம்மாள் திரியைச் சந்தில் வைத்து உளி முனையால் அழுத்தினாள்.

"வெச்சாச்சுன்னு சொல்லு," என்றாள்.