வெள்ளைக் கோட்டுக்குள் வெள்ளிக் கண்கள்

1

பாம்... பாம்... பாஅஅம்!

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் எங்கள் தெரு முழுக்க ஜன்னலுக்கு ஓடி வந்தது. 2006 கோடை, உலகக் கோப்பைக் காலம். கார் ஹோர்ன் கேட்டால் எந்த நாடோ வென்றுவிட்டது என்று பொருள். ஆனால் அன்று ஆட்டமே இல்லை.

கீழே தன் பழைய காரில், இலங்கை மன்னாரிலிருந்து வந்த அல்பேர்ட் உட்கார்ந்திருந்தார். ஹோர்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"என்ரை பிள்ளையைக் கண் ஆஸ்பத்திரியிலை கூப்பிட்டிருக்கிறாங்கள்!"

இந்தக் கதை பிறந்தது அந்தச் சத்தத்தில்தான். மிச்சத்தை அல்பேர்ட் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அவருடைய மகள் இரண்டங்குலம் வளர்ந்துவிடுகிறாள்.

2

தொடக்கங்கள் சில எழுதிப் பார்த்தேன்.

'அகதியாக வந்த ஒரு தந்தையின் கண்ணீரில்...' (நிறுத்திவிட்டேன். அல்பேர்ட் அழுகிற ஆள் இல்லை, சத்தம் போடுகிற ஆள்.)

'சிறு வயதிலிருந்தே லிசாவுக்குக் கண்கள் என்றால்...' (பொய். சிறு வயதில் அவளுக்குப் பிடித்தது பொரித்த உருளைக்கிழங்கு.)

ஆகவே, நேராக விஷயத்துக்கு. அல்பேர்ட்டின் மகள் லிசா மருத்துவப் படிப்பை முடித்துவிட்டாள். கண் மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி பெற வேண்டும் என்பது அவள் ஆசை. ஜெர்மனியில் அதற்குப் பொதுப் பரீட்சையும் இல்லை, தரவரிசையும் இல்லை. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் தனித்தனியே எழுத வேண்டும். பிடித்திருந்தால் ஒருநாள் தங்களோடு நின்று வேலை செய்யக் கூப்பிடுவார்கள். அன்று தலைமை மருத்துவரின் மனதில் யார் நிற்கிறாரோ, இடம் அவருக்கு. டுசல்டோர்ஃபில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரே இடம். விண்ணப்பித்தவர்கள் ஒரு பஸ் நிறைய.

"அது வெள்ளைக்காரருக்கே கிடைக்காதாம்" என்றார் சிசிலி அக்கா, தேவாலய வாசலில்.

"வெள்ளைக்காரருக்குக் கிடைக்காட்டி என்னக்கா? என்ரை மகளுக்குக் கிடைக்கும்" என்றாள் லிசாவின் தாய் டொறத்தி.

3

டொறத்தியை நான் நம்பவில்லை. எழுதுகிறவனாகச் சொல்கிறேன். முதல் வரைவில் அவள் மகளுக்குக் கோட் தேய்த்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். அவ்வளவு அடக்கமாக எந்த மன்னார் தாய் இருக்கிறாள்? மறுபடி எழுதினேன்.

டொறத்தி கோட்டைத் தேய்த்தாள். பிறகு கதவைச் சாத்தினாள். அலுமாரியிலிருந்து ஒரு சோடி வெள்ளிக் கண்மலரை எடுத்தாள். (தெரியாதவர்களுக்கு: கண் வடிவில் வெட்டிய மெல்லிய தகடு. கண் நோய் தீர்ந்தவர்கள் நேர்த்திக்கடனாகக் கோவிலில் வைப்பது.) கண்களுக்குப் பாதுகாவலியான சாந்த லூசியாளுக்கு அவள் நேர்ந்திருந்தாள். காரியம் முடிந்த பிறகு வைக்க வேண்டியதுதான். டொறத்திக்குப் பொறுமை இல்லை. முற்பணம் போலக் கைக்குட்டையில் சுற்றி, கோட்டின் அடிப் பைக்குள், ஆழத்தில் வைத்தாள்.

4

அந்த நாள் குடும்பமே டுசல்டோர்ஃபுக்குப் போனது. 'அம்மா, அப்பா, நீங்கள் வரக்கூடாது' என்று லிசா சொன்னதை இருவரும் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அவள் உள்ளே போனாள். இவர்கள் ஆஸ்பத்திரிச் சிற்றுண்டிச்சாலையில் உட்கார்ந்தார்கள்.

கதை எழுதுகிற நானும் அங்கேயேதான் உட்கார வேண்டியிருந்தது. டொறத்தி இல்லாத இடத்துக்குப் போக எனக்கு அனுமதி இல்லை.

மதியம் போல டொறத்தி வாய் திறந்தாள்.

"இஞ்சேருங்கோ, நான் பிள்ளையின்ரை கோட்டுக்குள்ளை கண்மலர் வைச்சனான்."

அல்பேர்ட்டின் காப்பி மேசையில் சிந்தியது. "உனக்கென்ன விசரே? கண் ஆஸ்பத்திரிக்கு வெள்ளிக் கண்ணோ குடுத்தனுப்பினனீ? அவங்கள் கண்டால் பிள்ளையைப் பேய்ச்சி எண்டெல்லோ நினைப்பாங்கள்!"

"அடிப் பைக்குள்ளைதானே. விழாது."

"விழுந்தால்?"

டொறத்தியின் கை செபமாலையைத் தேடியது. வாழ்க்கையில் முதல் முறையாக அவளுக்குத் தன் மீதே பயம் வந்தது. பிள்ளையின் இத்தனை வருடப் படிப்பு, தன் அவசரத்தால்...

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கும் மனம் வரவில்லை.)

5

மாலையில் லிசா வந்தாள். மூன்று பேரும் காருக்குள் ஏறினார்கள். பிறகு சொன்னாள்.

"விழுந்தது."

நோயாளியின் கண்ணைக் கருவியில் பார்க்கக் குனிந்தபோது விழுந்ததாம். தலைமை மருத்துவரின் சப்பாத்துக்கு முன்னால். அவரே குனிந்து எடுத்தாராம். சுற்றி நின்ற இளம் மருத்துவர்கள் சிரிப்பை அடக்கினார்களாம்.

"என்ன சொன்னனீ?" என்றார் அல்பேர்ட்.

"உள்ளதைத்தான். 'எங்கடை ஆக்கள் கண் சுகப்பட்டால் கோவிலில வைக்கிறது. நான் கண் டொக்டரா வரவேணும் எண்டு அம்மா நேந்தவ' எண்டன்."

"அவர்?"

"திருப்பித் தந்தார். அடுத்த நோயாளியை நீங்களே பாருங்கோ எண்டார். வெள்ளிக்கிழமை ரெலிபோன் எடுப்பினமாம்."

6

இனி முடிவு. இரண்டு ரெலிபோன் அழைப்புகளை எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் தெரு மறுபடி ஜன்னலுக்கு வருகிறது. மற்றதில் லிசா அடுத்த ஆஸ்பத்திரிக்கு எழுதுகிறாள், அல்பேர்ட் அப்போதும் ஹோர்ன் அடிக்கிறார். எது வேண்டுமோ நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்தக் காருக்குள் அடுத்து நடந்ததை உங்கள் தெரிவுக்குத் தர மாட்டேன். ஒரு எழுத்தையும் மாற்ற விட மாட்டேன்.

டொறத்தி விம்மினாள். "என்னாலைதான் பிள்ளை. ஆனா, ஆழத்திலை, கைக்குட்டைக்குள்ளை எல்லோ வைச்சனான். எப்பிடி விழுந்தது?"

லிசா பின்சீட்டிலிருந்து தாயின் தோளில் தாடையை வைத்தாள்.

"காலமை நான்தான் அம்மா எடுத்து மேல் பையிலை வைச்சனான், நெஞ்சோடை இருக்கட்டும் எண்டு."